பதினேழாம் நம்பர் துணி

உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்லும் பழக்கமே அவரிடம் கிடையாது. "முப்பத்திரண்டாம் நம்பர் இருக்காம்மா?" என்று கேட்டால், காலையில்தான் அதை எடுத்து வைத்திருப்பார், இருந்தாலும் எழுந்துவிடுவார். ஏணியை நகர்த்துவார். முந்தானையை இடுப்பில் செருகுவார். மேலே ஏறி, உருளையை உருவி, ஒரு சாண் விரித்துப் பார்த்து, திரும்பச் சுருட்டி வைத்துவிட்டு இறங்குவார். "இருக்குங்க சார்" என்பார். அதற்குள் நான் எதற்காகக் கேட்டேன் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கும்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. வருகைப் பதிவேட்டில் தினமும் பார்த்த பெயர்தான், மறக்கவில்லை. தன்னைப் பற்றி யாராவது நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னால்கூட ஏதோ திருட்டுப் பட்டம் கட்டியதுபோல முகம் சுண்டிப்போகிறவர். அவர் மனம் கோணாமல் போகட்டும்.

எழுபதுகளின் கடைசி. கொடைக்கானலில் ஒரு சாலைத் திட்டத்துக்காகத் தற்காலிகமாக ஓர் அலுவலகம் திறந்திருந்தார்கள். அடுக்கம் கிராமத்துக்குப் போகிற தடத்திலிருந்து பிரிந்து மலைச்சரிவில் இறங்கப் போகும் சாலை. வாடகைக்கு எடுத்த பழைய பங்களா, மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். நான் தலைமை டிராப்ட்ஸ்மேன். திண்டுக்கல்காரன், குளிர் ஒத்துக்கொள்ளாதவன். என் கோபத்துக்குக் குளிர்தான் காரணம் என்று நான் சொல்வேன். கல்யாணம் ஆன நாளிலிருந்தே அப்படித்தான் என்று என் மனைவி ஜெயா சொல்வாள்.

அவர் வரைபட அறைக்குப் பொறுப்பு. அப்போது முப்பது வயது இருக்கும். செண்பகனூரிலிருந்து தினமும் மூடுபனிக்குள் நடந்து வருவார். அப்பா ஒரு பள்ளி விடுதியில் சமையல்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இவர் பாடுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அலுவலகத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

அந்தக் காலத்தில் வரைபடங்களைத் துணியில்தான் வரைவோம். மெல்லிய பருத்தித் துணி, மேலே கஞ்சி ஏற்றி மொடமொடவென்று இருக்கும். டிரேசிங் துணி என்போம். சாலையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு துணி, ஒரு நம்பர். கோட்டை மாற்ற வேண்டுமென்றால் பிளேடால் பழைய மையைச் சுரண்டிவிட்டு அதே துணியில் புதுக்கோடு போடுவோம். வேலை நடக்கும் இடத்துக்குப் போவது நீல நகல்தான். மூலத்துணி அவருடைய அறையை விட்டு வெளியே போகாது. ஒவ்வோர் உருளையிலும் நூல் கட்டி ஓர் அட்டை தொங்கும். துணியை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அதில் அன்றைய தேதியை ரப்பர் ஸ்டாம்பால் குத்துவார்.

ஒரே படத்தை இரண்டு முறை வைக்கவும் விடமாட்டார். ஒருமுறை எனக்குக் கீழே வரையும் பையன்களில் ஒருவன், மேலே இருப்பது தெரியாமல் பாலத்தின் படத்தை இன்னொரு தடவை வரைந்துவிட்டான். மூன்று நாள் வேலை. அவர் துணியை வாங்கினார், ஏணியில் ஏறினார், பழையதை விரித்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தார், புதுசை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதே துணி மேல இருக்குங்க. அதுக்கே இன்னைக்குத் தேதி குத்திட்டேன்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "ரெண்டு இருந்தா நல்லதுதானேம்மா? என்ன உங்க வீட்டு எடமா அடையப் போகுது?"

"ரெண்டு இருந்துச்சுன்னா, நாளைக்கு ஒண்ண மட்டும் திருத்திட்டு ஒண்ண விட்டுருவோம் சார். அப்புறம் எது நெசம்னு யாரு சொல்லுறது?"

அவர் சொன்னது சரி என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

இன்னொரு சம்பவம். எங்கள் வாட்ச்மேன் இரண்டு நாள் வரவில்லை. குடித்துவிட்டுக் கிடப்பான் என்று அலுவலகமே ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் நாலு தடவை அப்படிக் கிடந்தவன்தான். அவர் மட்டும் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு, "எதுக்கும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருதேன்" என்று குடையோடு கிளம்பினார். அவன் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தான். ஆளைப் பிடித்துத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மூன்றரை மணிக்கு வந்தார். நான் தாமதத்துக்கு விளக்கம் கேட்டேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மாரிமுத்து மாதத்துக்கு ஒருமுறை வருவார். சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, இரண்டு நாடும் செய்த ஒப்பந்தப்படி திரும்பி வந்த குடும்பங்கள் மலைச்சரிவில் ஓரிடத்தில் குடிசை போட்டிருந்தன. பதினோரு வீடு, ஓர் ஊற்று, மாரிமுத்து அவர்களுக்குத் தலைவர் மாதிரி. எங்கள் சாலையின் முதல் கோடு அந்த வீடுகள் நடுவே நேராகப் போயிற்று. மாரிமுத்து மனுவுக்கு மேல் மனு எழுதி, அப்போதிருந்த பொறியாளர் மனமிரங்கி, கோட்டை வீடுகளுக்கு மேலாக வளைத்துவிட்டார். பழைய கோட்டை நான்தான் பிளேடால் சுரண்டினேன். அந்த வளைவு இருந்தது பதினேழாம் நம்பர் துணியில் மட்டும். ஒப்பந்தக்காரரிடம் ஏற்கெனவே போயிருந்த நீல நகலில் பழைய நேர்கோடுதான். வேலை தொடங்கும்போது புது நகல் எடுத்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம்.

அந்தப் பொறியாளர் மாற்றலாகிப் போன பிறகு மாரிமுத்துவுக்கு எங்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது. அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்.

"தங்கச்சி, அந்தக் கோடு அப்பிடியேதான் இருக்கா?"

அவர் ஏணியில் ஏறி, பார்த்து, தேதி குத்தி, இறங்கிச் சொல்வார். "அப்படியேதாண்ணே இருக்கு."

மாரிமுத்து மட்டுமா? புதிதாக வந்த உதவிப் பொறியாளர், ஏ.இ., போனில் கேட்பார். ஒப்பந்தக்காரரின் ஆள் கேட்பான். அந்தப் பகுதியில் வேலை ஆரம்பிக்கவில்லை, அதனால் துணியை எடுக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. ஆனால் இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் வாரம் தவறாமல் வரும். ஒரு நாள் அவர் நாலாவது முறை ஏணியில் ஏறியபோது நான் பொறுமையிழந்தேன். பக்கத்து அறையிலிருந்து ஒரு சிலேட்டுப் பலகையைக் கொண்டுவந்து கதவில் மாட்டினேன்.

"பாத்த நம்பரை இதுல எழுதிப் போடுங்க. அடுத்தவன் கேட்டா இதைப் பாத்துச் சொல்லுங்க. சனிக்கிழமை அழிச்சுட்டுப் புதுசா எழுதுங்க. பதினேழை மட்டும் அழிக்கவே வேண்டாம்."

"பாக்காம எப்படி சார் இருக்குன்னு சொல்லுறது?"

"நேத்துப் பாத்தீங்கல்ல? ராத்திரியோட ராத்திரியா அதுக்குக் கால் மொளச்சுருமா?"

"இல்லீங்க சார், அட்டையில தேதி..."

"தேதி எங்கயும் ஓடிப்போகாது. வேலையப் பாருங்க."

சிலேட்டு நன்றாகத்தான் வேலை செய்தது. பத்து நிமிடத்துக் கேள்விக்குப் பத்து நொடியில் பதில். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மற்ற நம்பர்கள் சனிக்கிழமை சனிக்கிழமை மாறின. பதினேழு மட்டும் சுண்ணாம்பு வெள்ளையில் அப்படியே நின்றது. ஒரு வருடம் கடந்தது.

வருடக் கடைசியில் அறையில் வேண்டாத துணிகளைக் கழிப்பது எங்கள் வழக்கம். அட்டையில் ஒரு வருடமாகத் தேதி குத்தாத துணி யாருக்கும் வேண்டாத துணி என்று கணக்கு. கழித்துவிட வேண்டும், இல்லையென்றால் புதுசு வைக்க இடமிருக்காது. அந்த வருடம் அவர் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருந்தார். அவர் வந்தால் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து ஒரு வாரம் ஆக்குவார் என்று, நானே வாட்ச்மேனை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானத்தில் முடித்தேன். அட்டையைப் பார்ப்பது, பழைய தேதியா, கீழே போடு. நம்பரைக்கூடப் பார்க்கவில்லை.

கழித்த டிரேசிங் துணியை யாரும் எரிக்க மாட்டார்கள். வெந்நீரில் கொதிக்கவைத்தால் கஞ்சியும் மையும் கழன்று, பட்டுப்போல மல் துணி கிடைக்கும். கைக்குட்டை தைப்பார்கள், பிள்ளை பிறக்கப் போகிற வீடு என்றால் அவர்களுக்குத்தான் முதல் பங்கு. அந்த வருடம் என் வீடுதான் அது. ஜெயாவுக்கு எட்டாவது மாதம். ஒரு கட்டுத் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெருமையாக வீட்டுக்குப் போனேன்.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மாரிமுத்து மாதக் கணக்கு தவறி, வெள்ளனே வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, மெசினு வந்து எறங்கிருச்சு. திங்கக்கெழம எங்க பக்கம் வெட்டப் போறாங்களாம். கோடு இருக்கா?"

அவர் சிலேட்டைப் பார்த்தார். "இருக்குண்ணே."

"இன்னிக்கு ஒருக்கா என் கண்ணால பாக்குறேன் தாயி."

அவர் ஏணியில் ஏறினார். நான் என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழாம் நம்பர் உருளைக்கான மரக்கூட்டுக்குள் கையை விட்டார். கை முழங்கை வரை உள்ளே போயிற்று, வெறுமையாக வந்தது. பக்கத்துக் கூடுகளில் தேடினார். ஏணியின் மேல்படியிலேயே திரும்பி நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், கழிக்கும்போது அட்டையில தேதிதான பாத்தீங்க?"

எனக்குப் புரிவதற்கு அரை நிமிடம் ஆயிற்று. அந்த அறையிலேயே அதிகமாகக் கேட்கப்பட்ட துணி அது. கேட்டதற்கெல்லாம் சிலேட்டு பதில் சொல்லிவிட்டது, அதனால் யாரும் அதைத் தொடவில்லை. யாரும் தொடாததால் தேதி ஏறவில்லை. யாருக்கும் வேண்டாதது என்று நானே தூக்கிப் போட்டிருந்தேன்.

மாரிமுத்து எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "என்ன தொரை? இல்லியா?"

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனோம், மூவரும். கொல்லையில் கொடி நிறைய வெள்ளைத் துணிகள். ஜெயா வயிற்றைத் தாங்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு, "பாருங்க, எவ்வளவு மிருதுவா வந்திருக்கு" என்றாள். கடைசியாக இருந்த துணியை நாலாகக் கிழித்து மூன்றைக் கொதிக்க வைத்துவிட்டாளாம். நாலாவது துண்டு அம்மிக்கல்லின் மேல் கிடந்தது. அவர் அதை விரித்தார். மூலையில் பதினேழு என்று என் கையெழுத்து. அந்தப் பகுதிச் சாலை தொடங்கும் இடம் மட்டும் அதில் இருந்தது. நடப்பட்ட அளவுக்கல், அதன் உயரம், அவ்வளவுதான். வீடுகளும் வளைவும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

நான் அம்மிக்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மாரிமுத்து கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அந்த நாலாவது துண்டைச் சுருட்டிக்கொண்டே அவர் பேசினார். "சார், துணிதான போச்சு. மலை அங்கனயேதான் கெடக்கு. தொடங்குற கல்லு இதுல இருக்கு. நாளைக்கு, நாளன்னைக்கு, ரெண்டு நாள் இருக்கு. வெரசாப் போய் அளந்து வரஞ்சிருவோம்."

சனிக்கிழமை விடியும்போது நாங்கள் அந்தச் சரிவில் இருந்தோம். நான், அவர், அளவுச் சங்கிலி பிடிக்க என் அலுவலகப் பையன்கள் இருவர். குடியிருப்பு ஆட்கள் புதர் வெட்டினார்கள், குச்சி நட்டார்கள். ஐந்து வருடமாக அந்தச் சாலையை வரைந்துகொண்டிருந்தவன் நான். அந்த இடத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதை வெளியே சொல்லவில்லை.

அவர் ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய், கதவில் சாக்பீஸால் நம்பர் போட்டுவிட்டு வந்தார். பதினொன்று முடிந்தது. நான் துணியில் வீடுகளைக் குறித்துவிட்டு, பழைய வளைவை நினைவிலிருந்து போடத் தொடங்கினேன். மேலே புதர் மறைவில் கொஞ்சம் புகை தெரிந்தது.

"அது என்னங்க?" என்றார்.

"மாட்டுக் கொட்டாய்" என்றார் மாரிமுத்து, ரொம்ப வேகமாக.

"அதான், கொட்டாயா இருக்கும்" என்றேன் நானும். எனக்கு வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டும்.

அவர் ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்தார். திரும்பி வந்தபோது சேலை முழுக்க ஒட்டுப்புல். "கொட்டாய் இல்லீங்க. வீடு. அடுப்பு எரியுது. உள்ள ஒரு பிள்ள இருக்கு, மாசமா இருக்கு."

மாரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய மகள். போன வருடம் கல்யாணமாகி, கீழே இடமில்லாமல், மண்சுவரும் தகரமுமாக மேலே ஒரு வீடு போட்டிருந்தார்கள். நாங்கள் தயவு பண்ணிப் போட்ட வளைவு அந்த வீட்டு அடுப்படி வழியாகப் போயிற்று.

"மாசாமாசம் வந்து கேட்டீங்களே, ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று கத்தினேன்.

"எப்பிடிச் சொல்றது தொரை? அங்க சிலோன்ல லயத்து வீட்டுல ஒரு காம்பராவுக்குள்ள எட்டுப் பேரு கெடந்தோம். இங்க வந்து புதுசா ஒண்ணு கட்டிட்டோம்னு சொன்னா, பதினோரு வீட்டுக்குக் குடுத்ததயும் இல்லேன்னுருவீங்களோன்னு பயம். கோடு கொஞ்சம் தள்ளி விழுந்திருக்காதான்னுதான் ஒவ்வொரு மாசமும் வந்து கேட்டேன்."

வளைவை இன்னும் இருபது அடி மேலே தள்ளினால் வீடு தப்பும். ஆனால் வளைவு இறுகிவிடும், பஸ் திரும்புமா என்பதே சந்தேகம். ஒரு பாறைமேல் உட்கார்ந்து மூன்று தடவை கணக்குப் போட்டேன். ஒரு பக்கம் தடுப்புச்சுவர் எழுப்பினால் விதிக்கு உட்பட்டு நூலிழையில் நிற்கும் என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை இருட்டும்வரை வரைந்தோம். அவர் சர்ச்சுக்குப் போகாத ஒரே ஞாயிறு அது என்று பிறகு தெரிந்தது.

ஞாயிறு மாலை ஏ.இ. வீட்டுக்கே போய் நின்றோம். சிலேட்டு, கழித்தது, கொதித்தது எல்லாவற்றையும் நானே சொன்னேன். ஏ.இ. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டி முடித்துவிட்டு, புதுத் துணியை விளக்கடியில் விரித்தார்.

"போன துணியில இருந்த அதே கோடுதானே இது? ஆமான்னா இப்பவே கையெழுத்துப் போட்டுர்றேன். மாத்தியிருந்தா மேல அனுப்பணும். ஆறு மாசம் ஆகும், அதுவரைக்கும் கான்ட்ராக்டர் தன் கையில உள்ள நகல்படிதான் வெட்டுவான்."

ஆமாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். பழைய துணி கைக்குட்டையாகிவிட்டது, யார் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

"இல்லீங்க சார்" என்றார் அவர். "அதுல பதினோரு வீடு. இதுல பன்னெண்டு. ஒவ்வொரு வாசலா நான் போய்ப் பாத்தேன். கோடும் இருபது அடி மேல ஏறியிருக்கு."

எனக்கு அவரை அங்கேயே அறைந்துவிடலாம் போலிருந்தது. உண்மையைத்தான் சொல்கிறேன், அப்படித்தான் தோன்றியது. ஏ.இ. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து மாட்டிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"காத்தால ஆறு மணிக்கு ஜீப்பு வரும். மெசினு கெளம்புறதுக்கு முன்னால நானும் பாத்துருதேன்" என்றார்.

காலையில் பனி விலகாத சரிவில் ஏ.இ. குச்சிகளின் வழியாக முழுக்க நடந்தார். பன்னிரண்டாவது வீட்டு வாசலில் மாரிமுத்துவின் மகள் கறுப்புத் தேநீரும், சிலோன் பழக்கப்படி கடித்துக்கொள்ள உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் கொடுத்தாள். ஏ.இ. நின்றபடியே குடித்தார். அவளுடைய வயிற்றைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், மேலே நட்டிருந்த குச்சியைப் பார்த்தார். "இந்த மாத்தத்தை நானே நேர்ல பாத்து ஒத்துக்கிட்டேன்னு எழுதுய்யா. மேல கேட்டா நான் பேசிக்கிறேன்" என்று ஜீப்பின் மூக்கில் துணியை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மாரிமுத்து தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. பனி என்று சொல்லிக்கொண்டேன்.

அலுவலகம் வந்ததும் சிலேட்டை உடைத்துப் போடப் போனேன். அவர் விடவில்லை. "நல்ல சாமான்தான சார். பகல்ல கேக்குறவங்களுக்கு இதப் பாத்தே சொல்லுறேன். சாயங்காலம் பூட்டுறதுக்கு முன்ன, இதுல உள்ள நம்பரையெல்லாம் ஒரு தடவை போய்ப் பாத்துத் தேதி குத்திட்டு அழிச்சுருதேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை ஏறினாப் போதும்ல?" என்றார். அலுவலகம் மூடும்வரை அப்படித்தான் நடந்தது, ஒரு துணி தவறவில்லை. எண்பதுகளின் நடுவில் எங்களை ஆளுக்கொரு ஊருக்கு மாற்றினார்கள். அவரைப் பழனிப் பக்கம் போட்டார்கள். என் மகள் முதலில் உடுத்தியது அந்தப் பதினேழாம் நம்பரைத்தான். அவள் காதுகுத்துக்கு அங்கிருந்து ஆயக்குடிக் கொய்யாக் கூடையோடு அவர் வந்திருந்தார். குழந்தைக்கு முந்தின நாள் வந்த காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாங்கள் சொல்லியும், நெற்றியில் கைவைத்துப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்.

அந்தச் சாலையில் இப்போதும் பஸ் போகிறது. அந்த வளைவில் ஒரே மூச்சில் திரும்பாது, ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். "எந்த மடப்பய போட்ட வளைவோ" என்று டிரைவர் திட்டுவார், பயணிகளும் சேர்ந்துகொள்வார்கள். நான் ஜன்னலோரமாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன தடவை எண்ணிப் பார்த்தேன், பதினான்கு வீடு. மேல்வீட்டு வாசலில் ஒரு பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பக்கத்தில் பஸ் உறுமிக்கொண்டு பின்னால் வருகிறது, அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.